மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்ன கிளினிக்

கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். இந்த நெஞ்சக நோய் கிளினிக்குக்கு இதுவரை மூன்று தடவை போய் வந்துவிட்டேன். முதல் தடவை போனபோது எனக்கு எட்டு மாத இருமல். மூன்றாவது தடவை, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வந்து பத்து நிமிஷம் ஆச்சு, ஒரு தடவைகூட இருமலயே நீங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை மாதிரி இருமித் தவிக்கிறவர்கள் யாராவது படிப்பார்கள் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு 52 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். நாள் முழுக்கப் பேச்சுதான் வேலை. இந்த பீஸில் ஓட்டை, அந்த பீஸில் எண்ணெய்க் கறை, இது ரிஜெக்ட், அது வாஷுக்கு. 2025 ஆனி மாதத்தில் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தொண்டைக்குழியில் தலைமுடி ஒன்று சிக்கிக்கொண்ட மாதிரி குறுகுறுத்தது. செருமினேன், போகவில்லை. இருமினேன், அப்போதும் போகவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. வெறும் வறட்டு இருமல். பேச வாயெடுத்தால் வரும், சிரித்தால் வரும், தாளிக்கிற வாசம் பட்டால் வரும், ராத்திரி தலையைச் சாய்த்தால் கட்டாயம் வரும்.

பார்க்காத வைத்தியம் இல்லை. வீட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி போட்டுக் காய்ச்சிக் குடித்தேன். கற்பூரவல்லி இலையைப் பச்சையாகவே மென்றேன். நாட்டு மருந்துக் கடையில் ஆடாதோடைப் பொடி வாங்கிக் கஷாயம் வைத்தேன். குடித்த அரை மணி நேரம் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் "வறட்டு இருமலுக்கு" என்று கேட்டு வாங்கிய சிரப் மட்டும் மூன்று வகை. அதில் ஒன்றைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனால் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, மலச்சிக்கல் வேறு. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனதில் ஆன்டிபயாடிக் ஐந்து நாள். அப்புறம் இன்னொரு டாக்டர், இன்னொரு ஆன்டிபயாடிக், ஏழு நாள். மூன்றாவதாக ஓரிடத்தில் நெபுலைசர் வைத்தார்கள். இவர்கள் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மூன்று பேரும் சேர்ந்து என்னிடம் பேசிய நேரம் பத்து நிமிஷம் இருக்காது.

ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பெண்கள் யாரும் சொல்வதில்லை. பலமாக இருமல் வரும்போது சிறுநீர் கசிந்துவிடும். இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு. கம்பெனிக்கு தினமும் பேடு வைத்துக்கொண்டுதான் போனேன், மாற்றுப் புடவை ஒன்று பையிலேயே இருக்கும். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் இருமல் வந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவார். அது பழகிவிட்டது. இது பழகவே இல்லை.

ஐப்பசியில் கம்பெனியிலேயே கூப்பிட்டு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, ஒருக்கா டிபி டெஸ்ட் பண்ணிட்டு வந்துருங்க" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. என் பெரியப்பாவைப் பெருந்துறை சானடோரியத்தில் வைத்திருந்த கதையைக் கேட்டே வளர்ந்தவள் நான். அவர் திரும்பி வந்த பிறகும் அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். ஆனாலும் போனேன். அரசு ஆஸ்பத்திரியில் பைசா செலவில்லாமல் எக்ஸ்ரே எடுத்து, சளி டப்பா இரண்டு கொடுத்தார்கள். சளியே வராத எனக்கு அது பெரிய வேலை. விடியற்காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து இருமி, கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். மிஷினில் பார்த்து அன்றைக்கு மத்தியானமே "டிபி இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்கு இருமல் இருந்தாலும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அங்கிருந்த சிஸ்டர் சொன்னார். நான் ஐந்தாவது மாதத்தில் போய் நின்றேன். அது என் தப்பு.

டிபி இல்லை. சரி, அப்புறம் என்னதான்? இந்தக் கேள்வியோடுதான் மாசிப் பிறப்பை ஒட்டி இந்த கிளினிக்குக்கு வந்தேன். என் நாத்தனார் மகன் கோவையில் இருக்கிறான், அவன்தான் டோக்கன் போட்டுக் கொடுத்தான். போனில் அந்த ரிசப்ஷன் பெண் அவனிடம் சொன்ன ஒரே விஷயம்: "வீட்ல சாப்பிடற எல்லா மாத்திரையும் அட்டையோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இருமல் மாத்திரை மட்டும் இல்ல, எல்லாமே." நான் ஒரு மஞ்சப்பையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். கிளினிக் முதல் மாடியில். லிப்ட் இல்லை, படி செங்குத்து. மூச்சு வாங்குகிறவர்கள் வருகிற இடத்தில் இது பெரிய தப்பு. எனக்கு முன்னால் ஏறிய ஒரு பெரியவர் நடுப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மேலே வந்தார். அடுத்தது காத்திருப்பு. என் டோக்கன் பதினொன்றரைக்கு, உள்ளே கூப்பிட்டது இரண்டேகாலுக்கு. மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஹாலில் ஏசி போட்டு ஜன்னலை எல்லாம் மூடி வைத்திருந்தார்கள். இருபத்தைந்து பேர் மூடிய அறைக்குள் உட்கார்ந்து இருமுகிறோம். மாஸ்க் கொடுக்கிறார்கள், சரிதான், ஆனால் காற்றோட்டம் வேண்டாமா? போகும்போது ரிசப்ஷனில் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஆனால் அந்த ஹாலில் இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததில் இருமலைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்தது. ரிசப்ஷன் மேசைக்கு மேலே கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள் இருந்தது. மூன்று வாரத்துக்கு உட்பட்ட இருமல் பெரும்பாலும் சளி, ஜலதோஷத்தோடு வருவது. மூன்றிலிருந்து எட்டு வாரம் வரை போவது பெரும்பாலும் அந்தச் சளியின் மிச்சம். எட்டு வாரத்தைத் தாண்டினால்தான் நாள்பட்ட இருமல், அப்போது காரணத்தைத் தேட வேண்டும். கீழே சிவப்பு மையில்: இருமலில் ரத்தம், எடை குறைதல், சாயங்காலக் காய்ச்சல், மூச்சுத் திணறல், பீடி சிகரெட் பிடிப்பவருக்குப் புதிதாக வந்த இருமல், இதில் ஏதாவது இருந்தால் எந்த வாரக் கணக்கும் பார்க்காமல் உடனே வாருங்கள்.

எனக்கு இடது பக்கம் காங்கயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி. அவருடைய இருமலில் நெஞ்சுக்குள் கொளகொளவென்று சத்தம் கேட்கும், கடைசியில் கோழை வரும். "காத்தால எந்திரிச்சா ஒரு கிண்ணம் கோழை துப்புனாத்தேன் கண்ணு மூச்சு விட முடியும்" என்றார். பீடி பிடித்ததில்லை, வெற்றிலைகூடப் போடுவதில்லை. ஆனால் நாற்பது வருஷம் விறகடுப்பு, அதுவும் ஜன்னல் இல்லாத தாழ்வார அடுப்படி. ஊதுகுழல் ஊதி ஊதியே அந்த நெஞ்சு போயிருக்கிறது. பீடி பிடிக்கிற ஆம்பளைக்கு வருகிற அதே நுரையீரல் நோய், அடுப்பு ஊதின பொம்பளைக்கும் வருகிறது. காஸ் அடுப்பு வந்து பத்து வருஷமாகிறது, "ஆனா பழைய சேதம் திரும்பாதாமா" என்று பாட்டியின் மருமகள் சொன்னார்.

எதிரில் ஒரு காலேஜ் பையன். பகலில் ஒன்றும் இல்லையாம். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு எழுப்பிவிடும், கிரவுண்டில் ஓடினால் வரும். வீசிங் சத்தமே கிடையாது. "வீசிங் இல்லாம இருமல் மட்டுமே வர்ற ஆஸ்துமா" என்று முதல் விசிட்டிலேயே கண்டுபிடித்து இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவனுக்கு எல்லாரும் சொன்ன பேர் ஈஸ்னோபீலியா. நம் பக்கத்தில் ராத்திரி இருமினால் ஈஸ்னோபீலியாதான். என் அம்மாவும் அந்தக் காலத்தில் அதற்கென்று மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டவர். உள்ளே போனபோது டாக்டரிடம் இதைக் கேட்டேன். யானைக்கால் புழுவால் வருகிற ஒரு நிஜமான ஈஸ்னோபீலியா இருந்தது, இப்போதும் அபூர்வமாக வருகிறது, அந்த மாத்திரை அதற்கானது என்றார். ஆனால் ரத்தத்தில் ஈசினோபில் என்கிற வெள்ளை அணு கொஞ்சம் கூடியிருப்பது ஓர் அளவுதானாம், அதுவே நோயின் பெயர் இல்லையாம். இன்றைக்கு அந்தப் பேரில் வருகிறவர்களில் பலருக்கு இருப்பது அலர்ஜியோ ஆஸ்துமாவோதான் என்றார்.

ஒரு சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டு அவன் அப்பா வந்திருந்தார். நாலு வயசு. சளி பிடித்துப் பத்து நாள், இருமல் நிற்கவில்லை என்று பயம். அவரை வரிசையில் முன்னால் விட்டார்கள், பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார், கையில் மருந்துச் சீட்டே இல்லை. "நுரையீரல் சுத்தமா இருக்குதாம், சளியோட வர்ற இருமல் ரெண்டு, மூணு வாரம்கூட இருக்குமாம், ராத்திரி ஒரு ஸ்பூன் தேன் குடுங்கன்னாங்க" என்றார். ஒரு வயது தாண்டாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாதாம். நாமெல்லாம் ஒரு வாரத்தில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்து, எட்டாம் நாள் சிரப் வாங்க ஓடுகிறோம்.

சிரப் என்றதும் எனக்கு 2025 அக்டோபர் ஞாபகம் வந்தது. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்கள். அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகத்தில்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருமல் சிரப்பே கொடுக்காதீர்கள், ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு அப்போது அறிவித்தது. அந்தச் செய்தியைப் பார்த்த ராத்திரி, என் பேரனுக்காக அலமாரியில் வைத்திருந்த பாட்டிலை எடுத்து சிங்கில் கொட்டினேன். அது வேறு கம்பெனிதான். ஆனாலும் கை நடுங்கிற்று. இங்கே டாக்டர் அந்த அப்பாவை வெறுங்கையோடு அனுப்பியதைப் பார்த்ததும் இது சரியான இடம் என்று நினைத்தேன்.

இன்னொருவரை ஹாலுக்குள் வைத்திருக்கவே இல்லை. லாரி ஓட்டுகிறவர், மூன்று வாரமாக இருமல், பெல்ட்டில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறாராம், அவ்வளவு எடை குறைந்திருக்கிறது. சிஸ்டர் அவரை மொட்டை மாடிப் படிக்கட்டுப் பக்கம் காற்றாட உட்கார வைத்து, மாஸ்க் கொடுத்து, சளி டெஸ்டுக்கு அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, "அங்க ப்ரீங்கண்ணா, இங்க எதுக்கு செலவு பண்றீங்க" என்று சொன்னதை நானே கேட்டேன். ஒரு தனியார் கிளினிக்கில் இப்படிச் சொல்வார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

பிறகு என் முறை வந்தது.

டாக்டருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். உட்கார்ந்ததும் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். எந்த மாதம் ஆரம்பித்தது? அதற்கு முன்னால் சளி, காய்ச்சல் ஏதாவது இருந்ததா? கோழை உண்டா, என்ன நிறம்? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, இல்லை படுக்கும்போது மட்டும்தானா? சாப்பிட்டதும் கூடுகிறதா, எதுக்களிக்கிறதா, விடிந்ததும் வாய் புளிக்கிறதா? மூக்கின் பின்பக்கம் வழியாகச் சளி தொண்டைக்குள் இறங்குகிற மாதிரி இருக்கிறதா? வீட்டில் புறா கூடு கட்டியிருக்கிறதா? என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு டார்ச்சை எடுத்து இரண்டு காதுக்குள்ளும் பார்த்தார். காதில் அழுக்குக் கட்டி செவிப்பறையை உரசினால்கூடச் சிலருக்கு இருமல் வருமாம், காதுக்கும் தொண்டைக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றனவாம். காது குடைந்தால் எனக்கு இருமல் வருவது சின்ன வயதிலிருந்தே உண்டு, அது ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்குள் ஒரு முடிவு ஏற்கெனவே இருந்தது. திருப்பூரில் யார் இருமினாலும் காரணம் பஞ்சுதான். முப்பது வருஷமாக பனியன் கம்பெனி, நெஞ்சில் பஞ்சு அடைத்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை நானும் நம்பிவிட்டேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை லீவுல குறையுதாம்மா? திங்கக்கிழமை போனதும் நெஞ்சு இறுக்குதா?"

யோசித்துப் பார்த்தேன். ஞாயிறும் அதே இருமல்தான். தீபாவளிக்கு எட்டு நாள் லீவு விட்டார்களே, அப்போதும் ஒரு சொட்டுக் குறையவில்லை. பஞ்சாலையில் ப்ளோ ரூம், கார்டிங் மாதிரி கச்சாப் பஞ்சு பறக்கிற இடத்தில் வருஷக் கணக்கில் நிற்பவர்களுக்கு வருகிற நோய்க்கு அதுதான் அடையாளம் என்று விளக்கினார். வாரத்தின் முதல் நாள் நெஞ்சு இறுகும், வேலையை விட்டு விலகி இருந்தால் குறையும். துணியாகிவிட்ட பிறகு பார்க்கிற என் வேலையில் அந்தத் தூசி குறைவு. எட்டு மாதமாக ஊரே சொன்ன காரணம் இந்த ஒரு கேள்வியில் அடிபட்டுப் போயிற்று.

பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, "இருமும்போது யூரின் கசியுதாம்மா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நாள்பட்ட இருமலோட வர்றவங்கள்ல மூணுல ரெண்டு பேர் பொம்பளைங்க, அதுவும் அம்பதை ஒட்டுன வயசு. அதுல எத்தனையோ பேருக்கு இது இருக்கு. யாரும் கேக்கறதில்ல, அவங்களும் சொல்றதில்ல" என்றார். இந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் இந்த கிளினிக்கை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அப்புறம் எக்ஸ்ரே, ஊதுகிற டெஸ்ட். மூக்கில் கிளிப் போட்டு, ஒரு அட்டைக் குழாயை வாயில் வைத்து, முழு மூச்சை இழுத்து ஒரே வேகத்தில் ஊத வேண்டும். டெஸ்ட் எடுக்கிற தம்பி, "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று கத்துவான், பயந்துவிடாதீர்கள், கடைசிக் காற்று வரை வர வேண்டும் என்பதற்காகத்தான். முதல் இரண்டு தடவை நடுவில் இருமிவிட்டேன், பொறுமையாகத் திரும்ப எடுத்தான். அப்புறம் ஒரு மருந்தை இழுக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊத வைத்தார்கள். எக்ஸ்ரே சுத்தம். ஊதினதும் சுத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் இந்த இருமல் எங்கிருந்து வருகிறது?

"அந்தப் பையைக் கொஞ்சம் கொட்டுங்கம்மா" என்றார்.

மேசை மேல் கொட்டினேன். மூன்று சிரப்பில் மிச்சமிருந்த பாட்டில்கள், பாதி தின்ற ஆன்டிபயாடிக் அட்டை, கால்சியம், கேஸுக்குப் போடுகிற மாத்திரை, முழங்கால் வலிக்கு எப்போதோ வாங்கியது. ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பின்பக்கம் படித்து ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு அட்டையை எடுத்தார். பத்தில் ஏழு மாத்திரை பிதுக்கியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வெள்ளிக் காகிதத்தில் கிழிபடாமல் மிச்சமிருந்த எழுத்தை வாசித்தார். எனாலாப்ரில்.

"இது எப்போ ஆரம்பிச்சீங்க?"

"அது பிரஷர் மாத்திரைங்க. போன சித்திரையில."

"இருமல்?"

"ஆனி."

அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த அட்டையை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை.

விளக்கிச் சொன்னார். எனாலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று "ப்ரில்" என முடிகிற இந்த வகை மாத்திரைகள் நல்ல மருந்துகள், பிரஷருக்கும் இதயத்துக்கும் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். ரத்தத்தில் ஒரு நொதியைத் தடுத்துப் பிரஷரைக் குறைக்கிற வேலை அதற்கு. ஆனால் அதே நொதிதான் பிராடிகைனின் என்கிற ஒரு பொருளையும் உடைத்து அப்புறப்படுத்துகிறது. நொதியைத் தடுத்தால் அந்தப் பொருள் சேர்ந்துபோய், சிலருக்கு மூச்சுக்குழாயில் இருக்கிற இருமல் நரம்புகளைக் கிளறிக்கொண்டே இருக்கும். சளி இருக்காது, வெறும் குறுகுறுப்புதான். மாத்திரை ஆரம்பித்த சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். பெண்களுக்கு அதிகம், ஆசியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். எனக்குத் தாமதமாக வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று டாக்டர்களிடமும் "பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறேன்" என்று சொல்லியிருந்தேன். என்ன மாத்திரை என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் பேர் தெரியாது.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். தானே அந்த மாத்திரையை நிறுத்திவிடவில்லை. சீட்டில் இருந்த நம்பரைப் பார்த்து, எனக்கு பிரஷர் பார்க்கிற டாக்டருக்கு என் எதிரிலேயே போன் செய்தார். இரண்டு பேரும் பேசி, டெல்மிசார்டான் என்று மாற்றினார்கள். அந்த வகையில் இந்த இருமல் அரிது என்றார். "நாளைக்கே நிக்கும்னு எதிர்பாக்காதீங்க. நாலு வாரம் பாருங்க. சிலருக்கு மூணு மாசம்கூட ஆகும். நீங்களா மட்டும் பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது, அது இருமலை விட ஆபத்து" என்று இரண்டு தடவை சொன்னார். மருந்துச் சீட்டில் சிரப் இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை. மாற்றிய பிரஷர் மாத்திரை ஒன்று மட்டும். சிறுநீர் கசிவதற்கு, இடுப்பின் அடித்தசையை இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சி ஒன்றையும் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டில் காலண்டர் தாளில் தினமும் ராத்திரி எத்தனை தடவை எழுந்தேன் என்று குறித்துவந்தேன். முதல் வாரம் ஐந்து, ஆறு, ஐந்து. ஒரு மாற்றமும் இல்லை, இதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் மூன்று. பதினாறாம் நாள் ஒன்று. பத்தொன்பதாம் நாள் விடிந்து பால்காரர் மணி அடித்துத்தான் கண் விழித்தேன். ஹாலில் பாயைப் போட்டு எட்டு மாதமாகப் படுத்திருந்த வீட்டுக்காரர், "ஏனுங்க, ராத்திரி சத்தமே காணோம், பயந்து போய் வந்து பாத்தேன்" என்றார். இரண்டாவது விசிட்டில் அந்தக் காலண்டர் தாளை டாக்டரிடம் காட்டினேன். வாங்கி என் பைலில் வைத்துக்கொண்டார். இன்னும் ஓரளவு செருமல் மிச்சமிருந்தது, மூன்றாவது விசிட்டுக்குள் அதுவும் போய்விட்டது.

டாக்டரிடம் என் பெரியப்பா கதையையும் சொன்னேன். டிபிக்காரர்களை சானடோரியத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் அதே அளவு குணமாகும், வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று முதன்முதலில் நிரூபித்துக் காட்டியதே நம் சென்னையில் 1950களில் நடந்த ஆராய்ச்சிதான் என்று அவர் சொன்னார். தனித் தட்டு, தனி டம்ளரில் சாப்பிட்ட மனுஷனை நினைத்துக்கொண்டே அன்றைக்கு பஸ்ஸில் திரும்பினேன்.

செலவு: முதல் தடவை கன்சல்டேஷன் 600, எக்ஸ்ரே 400, ஊதுகிற டெஸ்ட் 1,000 ரூபாய். அடுத்த தடவைகளில் 300. ரசீது கேட்காமலே கொடுத்தார்கள். இதற்கு முன்னால் எட்டு மாதத்தில் நான் செலவழித்ததைக் கணக்குப் பார்த்தால் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்தப் படிக்கட்டுக்கும் காத்திருக்க வைத்ததற்கும் ஒன்றைக் குறைத்துக்கொண்டேன். ஜன்னலுக்குக் குறைக்கவில்லை, ஏனென்றால் மூன்றாவது தடவை போனபோது தெருப்பக்கத்து ஜன்னல் நாலும் திறந்து, சுவரில் புதிதாக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை கூட்டம் அதிகம், புதன், வியாழனில் போனால் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஏறமுடியாத பெரியவர்கள் என்றால் கீழே மெடிக்கலில் சொன்னால் டாக்டரே இறங்கி வந்து பார்க்கிறார், ஆனால் இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள், அட்டையோடு போங்கள். பிதுக்கும்போது பேர் எழுதியிருக்கிற ஓரத்தைக் கிழிக்காமல் மறுமுனையிலிருந்து பிதுக்குங்கள். என்னுடைய அட்டையில் அன்றைக்கு மூன்று மாத்திரைதான் மிச்சம், பேர் அந்தப் பக்கம் இருந்ததால்தான் படிக்க முடிந்தது.